பஸ்டர் போஸி விழுந்த இரவு: 162-ல் ஒரு தோல்விக்கு ஏன் இத்தனை கோபம்?

கேள்வி இது: "எங்கள் டீமில் சான்பிரான்சிஸ்கோக்காரர் ஒருவர் இருக்கிறார். தீவிர ஜயன்ட்ஸ் ரசிகர். 2011-ல் நடந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார். எதிரணி வீரர் மோதியதில் அவர்களுடைய நட்சத்திர வீரரின் கால் முறிந்ததாம், ஆட்டமும் போனதாம். மோதியது அன்றைய விதிப்படி சரிதான் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் மோதியவர் பெயரைச் சொன்னாலே முகம் மாறிவிடுகிறது. வருஷத்துக்கு 162 ஆட்டம் ஆடுகிற விளையாட்டில் ஒரு தோல்விக்கு ஏன் இவ்வளவு?"

உங்கள் நண்பர் சொல்வது 2011 மே 25, புதன்கிழமை இரவு, சான்பிரான்சிஸ்கோவில் ஃப்ளோரிடா மார்லின்ஸ் அணியுடன் நடந்த ஆட்டம். ஸ்கோர் 7-6. அந்த எண்ணை அவரிடம் கேட்டுப் பாருங்கள், சட்டென்று நினைவுக்கு வராது என்றே நினைக்கிறேன். போஸி எந்தப் பக்கமாக விழுந்தார் என்று கேளுங்கள், எழுந்து நின்று நடித்தே காட்டுவார். 162-ல் ஒன்று தோற்பதைப் பேஸ்பால் ரசிகர்கள் மறுநாள் காபியோடு மறந்துவிடுவார்கள். உலகத்திலேயே சிறந்த அணியும் வருஷத்துக்கு ஐம்பது அறுபது ஆட்டம் தோற்கத்தான் செய்யும். இது வேறு வகை.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கோபத்தின் காரணம் முழுக்க அந்த மூன்று நான்கு நொடிகளுக்குள் இருக்கிறது.

ஆட்டம் 6-6 என்று சமனாகி, வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் தாண்டி 12-வது இன்னிங்ஸில் நிற்கிறது. மார்லின்ஸ் பேட்டிங். மூன்றாவது பேஸில் ஸ்காட் கசின்ஸ். எமிலியோ போனிஃபாசியோ அடித்த பந்து வலதுபக்க ஃபீல்டில், அதிகத் தூரம் போகாமல், உயரே எழும்பி இறங்குகிறது. நேட் ஷியர்ஹோல்ட்ஸ் அதைப் பிடிக்கிறார். நம் கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் கதை முடிந்தது. பேஸ்பாலில் அப்படி இல்லை. அடித்தவர்தான் அவுட். ஏற்கெனவே பேஸில் நிற்பவர், பந்து பிடிபட்ட மறுகணம் அடுத்த பேஸுக்கு ஓடலாம். கசின்ஸ் ஓடினார். ஷியர்ஹோல்ட்ஸ் நேராக ஹோம் பிளேட்டுக்கு, அதாவது ரன்னர் வந்து தொட்டால் ரன் ஆகும் இடத்துக்கு, எறிந்தார். அங்கே காத்திருந்தவர் கேட்சர் பஸ்டர் போஸி.

கேட்சரை நம் விக்கெட் கீப்பர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம், ஆனால் வேலை அதைவிட அதிகம். பிட்சர் ஒவ்வொரு பந்தையும் எப்படிப் போட வேண்டும் என்று சைகை காட்டுவதும் அவர்தான். ஹோம் பிளேட்டைக் காவல் காப்பதும் அவர்தான். எறிந்த பந்து வரும் திசையைப் பார்த்தபடி, ஒரு காலை மடக்கி மண்டியிட்ட நிலையில் இருந்தார் போஸி. பந்தைப் பிடித்து அதே வேகத்தில் திரும்பி ரன்னரைத் தொட வேண்டும். பந்து கையில் நிற்கவில்லை. கசின்ஸுக்கு அது தெரிய வழியில்லை. அவர் தோளைத் தாழ்த்தி மோதிவிட்டார். போஸியின் இடது கால் உடம்புக்கு அடியில் மாட்டித் திருகிக்கொண்டது. அவர் மண்ணில் புரண்டு துடித்துக்கொண்டிருந்தபோது கசின்ஸ் பிளேட்டைத் தொட்டிருந்தார். அம்பயர் 'சேஃப்' என்றார். மார்லின்ஸுக்கு ஏழாவது ரன்.

இடது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு, தசைநார்கள் கிழிந்திருந்தன. அறுவை சிகிச்சை. சீசன் அத்தோடு சரி. போஸிக்கு அப்போது வயது 24.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு வீரர் தானாகத் தடுக்கி விழுந்து காயப்பட்டால் ரசிகன் விதியை நொந்துகொண்டு போய்விடுவான். எதிரி முறைகேடாக ஆடிக் காயப்படுத்தினால், 'அவனை வெளியே அனுப்பு' என்று கத்தலாம், தண்டனை கிடைத்தால் கொஞ்சம் ஆறும். இங்கே இரண்டுமே இல்லை. ஒருவர் செய்தார், செய்தது விதிக்குள் இருந்தது, அதற்குப் பரிசாக ரன்னும் கொடுத்தார்கள். கால் முறிந்த அதே நொடிதான் மார்லின்ஸுக்கு வெற்றி ரன் கிடைத்த நொடியும். ஸ்கோர் போர்டில் அந்த 7 என்கிற எண்ணை ஏற்றியதே அந்த மோதல்தான். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த ரசிகனுக்கு யாரிடம் முறையிடுவது என்று தெரியவில்லை. அம்பயரிடம் முறையிட ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தது கசின்ஸ் ஒருவர்தான்.

இன்னொன்று, விழுந்தது யார் என்பது. ஜயன்ட்ஸ் ரசிகர்களின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டினால்தான் இது விளங்கும். அந்த அணி 1958-ல் நியூயார்க்கை விட்டு சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. வந்ததிலிருந்து 2010 வரை ஒரு வேர்ல்ட் சீரிஸ்கூட, அதாவது கோப்பையைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர், ஜெயிக்கவில்லை. 1962-ல் ஏழாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், 1-0 என்று பின்தங்கிய நிலை, இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆட்கள். வில்லி மெக்கோவி அடித்த பந்து அம்பு மாதிரி போய் யாங்கீஸ் வீரர் பாபி ரிச்சர்ட்சன் கையில் உட்கார்ந்தது. இரண்டடி தள்ளிப் போயிருந்தால் கோப்பை. 1989-ல் மூன்றாவது ஆட்டம் தொடங்கவிருந்த நேரத்தில் நிலநடுக்கமே வந்துவிட்டது. பத்து நாள் கழித்து மறுபடி ஆடி 4-0 என்று மொத்தமாகத் தோற்றார்கள். 2002-ல் ஆறாவது ஆட்டத்தில் 5-0 முன்னிலை, கோப்பைக்கு இன்னும் எட்டே அவுட் பாக்கி. அதையும் 6-5 என்று கோட்டைவிட்டு, ஏழாவது ஆட்டத்தையும் விட்டார்கள். 2010 சீசனில் அந்த அணியின் வர்ணனையாளர் டுவேன் கைப்பர் ஜயன்ட்ஸ் பேஸ்பாலைச் 'சித்திரவதை' என்றே வர்ணித்தார். ரசிகர்கள் அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு அட்டையில் எழுதிப் பிடித்தார்கள்.

அந்தச் சித்திரவதை முடிந்த வருஷம் 2010. அதை முடித்துவைத்தவர்களில் ஒருவர், மே மாதக் கடைசியில் கீழ்நிலை லீகிலிருந்து மேலே அழைக்கப்பட்ட இந்தப் போஸி. அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருது வாங்கினார். லின்சிகம், கெய்ன், பம்கார்னர் என்று பிட்சர்கள் வரிசையாக வந்து எறிய, அத்தனையையும் உட்கார்ந்து பிடித்தவர் அவர். அணி வாங்கி வந்த நட்சத்திரம் இல்லை, அவர்களே தேர்ந்தெடுத்து வளர்த்த பையன். ஐம்பது வருஷம் காத்திருந்து கிடைத்ததை, ஏழு மாதத்தில் ஒருவர் வந்து மோதி உடைத்துவிட்டார் என்றுதான் அவர்களுக்குப் பட்டது.

கோபம் எல்லை மீறியது. கசின்ஸுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அணியின் பொது மேலாளர் பிரையன் சேபியன் வானொலியில் பேசும்போது, கசின்ஸ் இனி ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனால் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான் என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டார். பிறகு கிளப் அதைச் சமாளிக்க வேண்டியதாயிற்று. போஸியே அறிக்கை விட்டு, ரசிகர்களின் அன்புக்கு நன்றி, ஆனால் கசின்ஸையோ அவர் குடும்பத்தையோ மிரட்டுவதை எந்த விதத்திலும் ஏற்க முடியாது என்று சொன்னார். கசின்ஸ் மன்னிப்புக் கேட்கப் போஸியைத் தொடர்புகொள்ள முயன்றார். அதற்குப் போஸியிடமிருந்து பதில் போகவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போஸியின் மனநிலை கொஞ்சம் பிடிபடுகிறது. மிரட்டாதே என்று ஊருக்குச் சொன்னார், ஆனால் 'பரவாயில்லை' என்று அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அது நேர்மையாகவே படுகிறது.

மிரட்டல் விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த மோதலுக்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, மார்ச் 31, சீசனின் முதல் நாள். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் மைதானத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஜயன்ட்ஸ் சட்டை போட்டிருந்த ஒரு ரசிகரை அடித்துப்போட்டார்கள். மூளையில் அடிபட்டுக் கோமாவில் கிடந்தார் மனிதர். சான்பிரான்சிஸ்கோவே பதறி அவருக்காக நிதி திரட்டியது. அந்த நிதிக்குக் காசு போட்ட ஊரிலிருந்துதான் கசின்ஸுக்கும் மிரட்டல் போயிருக்கும்.

சரி, கசின்ஸ் மேல் தப்பு இருக்கிறதா? மறுபடி மறுபடி அந்தக் காட்சியைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிளேட்டின் ஒரு ஓரம் திறந்துதான் இருந்தது. சறுக்கிக்கொண்டு போய்க் கையால் தொட்டிருக்கலாம். இது ஜயன்ட்ஸ் ரசிகர்களின் வாதம், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் பக்கமும் யோசிக்க வேண்டும். அணியில் நிரந்தர இடம் இல்லாத மாற்று வீரர். 12-வது இன்னிங்ஸ், வெற்றி ரன் அவர் காலில். எறிந்த பந்து தன்னை முந்திவிடும் என்று தெரிகிறது. சறுக்கினால் அவுட், மோதினால் பந்து கீழே விழலாம் என்று சின்ன வயசிலிருந்து பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தார். இத்தனைக்கும் அவர் படித்தது சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில். சொந்த ஊர் மாதிரியான இடத்தில் போய் இந்தப் பெயரை வாங்கினார். அப்புறம் அவர் பெரிதாக ஆடவில்லை. முதுகில் காயம், அணி மாறினார், 2013-க்குப் பிறகு மேஜர் லீகில் அவர் இல்லை.

போஸி உட்கார்ந்த விதத்தைக் குறை சொன்னவர்களும் உண்டு. கேட்சர்களில் மாமேதை என்று கொண்டாடப்படும் ஜானி பெஞ்ச், அப்படி ஒரு நிலையில் கேட்சர் இருக்கவே கூடாது என்கிற ரீதியில் பேசினார். தொழில்நுட்பமாக அது சரி. உடைந்த காலோடு படுத்திருப்பவனிடம் சொல்லும் விஷயமா என்பதுதான் கேள்வி.

பேஸ்பால்காரர்கள் அப்போது இன்னொரு பெயரையும் இழுத்தார்கள். ரே ஃபாஸி. 1970 ஜூலை 14, சின்சினாட்டி, ஆல் ஸ்டார் ஆட்டம். அதாவது காட்சி ஆட்டம், ஜெயித்தாலும் தோற்றாலும் யாருக்கும் எதுவும் இல்லை. அதுவும் 12-வது இன்னிங்ஸ்தான்! பீட் ரோஸ் இரண்டாவது பேஸிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்து கேட்சர் ஃபாஸியை இடித்துத் தள்ளி வெற்றி ரன்னை எடுத்தார். ஃபாஸியின் இடது தோள் எலும்பு முறிந்திருந்ததை அப்போது எடுத்த எக்ஸ்ரே காட்டவில்லை. அவர் அதே தோளோடு ஆடிக்கொண்டே இருந்தார். அதற்கு முன்னால் அந்த சீசனில் மட்டும் 16 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்திருந்தவர், பிறகு அந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்கவே இல்லை. ரோஸை அன்று பலர் 'முழு மனதோடு ஆடுகிறவன்' என்று பாராட்டினார்கள். நாற்பது வருஷம் அந்த வீடியோ தொலைக்காட்சியில் வீரத்தின் உதாரணமாக ஓடியது. ஃபாஸி பிற்காலத்தில் சான்பிரான்சிஸ்கோவுக்கு விரிகுடா தாண்டி எதிரே, ஓக்லண்டில், அந்த ஊர் அணியின் வர்ணனையாளராக இருந்தார். 2011-ல் போஸி விழுந்தபோது நிருபர்கள் முதலில் தேடிப்போன ஆள் அவர்தான் என்பதில் ஆச்சரியமில்லை.

1970-ல் கைதட்டல், 2011-ல் கொலை மிரட்டல். மோதல் ஒன்றுதான். நடுவில் மாறியது பார்க்கிறவர்களின் கண். மண்டையில் அடிபடுவதைப் பற்றி, வீரர்களின் உடம்பைப் பற்றி அமெரிக்க விளையாட்டு உலகம் 2010 வாக்கில் வேறு மாதிரி பேச ஆரம்பித்திருந்தது. போதாததற்கு உயர் துல்லிய வீடியோவில் கணுக்கால் மடங்குவதை நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிந்தது. வானொலியில் கேட்டிருந்தால் 'பெரிய மோதல், ரன்னர் சேஃப்' என்று ஒரு வரியோடு போயிருக்கும்.

அந்த சீசனின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போஸிக்குப் பதில் எலை வொயிட்சைடும் கிறிஸ் ஸ்டூவர்ட்டும் கேட்சர்களாக இருந்தார்கள். பிடிப்பதில் குறையில்லை, அடிப்பதில் இருவரின் சராசரியும் .200 பக்கம்தான், ரொம்பக் குறைவு. ஆச்சரியமாக அணி ஜூலை வரை முதலிடத்தில் இருந்தது, பிட்சர்கள் புண்ணியத்தில். அடிக்க ஆள் வேண்டுமே என்று கார்லோஸ் பெல்ட்ரானை நியூயார்க் மெட்ஸிடமிருந்து வாங்கினார்கள். அதற்குக் கொடுத்தது ஜாக் வீலர் என்ற இளம் பிட்சரை. அந்த வீலர் பிற்பாடு எவ்வளவு பெரிய ஆளானார் என்பதைப் பார்த்துப் பார்த்து ஜயன்ட்ஸ் ரசிகர்கள் வயிறு எரிந்தது தனிக் கதை. ஆகஸ்டில் சரிந்தார்கள். மொத்தம் எடுத்த ரன் 570, அவர்கள் ஆடும் நேஷனல் லீகிலேயே (மேஜர் லீகின் இரண்டு பாதிகளில் ஒன்று) கடைசி. 86 வெற்றி, 76 தோல்வி, முதலிடம் பிடித்த அரிசோனா அணிக்கு எட்டு ஆட்டம் பின்னால். கோப்பையைத் தக்கவைக்கும் வாய்ப்பு போனது. உங்கள் நண்பர் 'அந்த ஒரு ஆட்டம்' என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது அந்த ஆட்டம் மட்டுமில்லை, அதற்குப் பிறகு போஸி இல்லாமல் ஓடிய நான்கு மாதமும்தான்.

அடுத்த வருஷம் போஸி திரும்பினார். .336 சராசரியோடு லீகில் முதல் இடம், 24 ஹோம் ரன், 103 ரன் கொண்டுவந்தார், நேஷனல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருது, டெட்ராய்ட் டைகர்ஸை 4-0 என்று வீழ்த்தி வேர்ல்ட் சீரிஸ். திரைக்கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். 2014-ல் இன்னொரு கோப்பையும் வந்தது. அப்படியிருந்தும் கசின்ஸ் பெயர் இன்னும் கசக்கிறது என்றால், வெற்றி வந்து காயத்தை ஆற்றும் என்று நாம் நினைப்பது சரியில்லை போலிருக்கிறது.

கோபம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் விதிப்புத்தகம். ஜயன்ட்ஸ் மேனேஜர் புரூஸ் போச்சி தானே முன்னாள் கேட்சர். இந்த மோதல்களை நிறுத்த வேண்டும் என்று அவர் விடாமல் பேசினார். தலையில் வாங்கிய அடிகளால் ஆட்டத்தையே விட நேர்ந்த முன்னாள் கேட்சர் மைக் மாத்தினியும் சேர்ந்துகொண்டார். 2014 சீசனுக்கு முன் புது விதி வந்தது. ரன்னர் தன் நேர்வழியை விட்டு விலகிப்போய்க் கேட்சர் மேல் மோதக்கூடாது, பந்து கையில் இல்லாத கேட்சர் வழியை மறிக்கக்கூடாது. எல்லோரும் அதைப் 'போஸி விதி' என்றே சொல்கிறார்கள். பழைய ஆட்கள் பேஸ்பாலை மென்மையாக்கிவிட்டார்கள் என்று முணுமுணுத்தார்கள். ஆரம்பத்தில் விதி கொஞ்சம் கோணலாகத்தான் வேலை செய்தது. அதே 2014 ஜூலை 31 அன்று மயாமியில், சின்சினாட்டி வீரர் ஜாக் கொஜார்ட் பிளேட்டுக்கு வருவதற்கு ரொம்ப முன்பே பந்து கேட்சர் கைக்கு வந்துவிட்டது, தெளிவான அவுட். வீடியோவைப் பார்த்தவர்கள் கேட்சர் வழியை மறித்திருந்தார் என்று சேஃப் ஆக்கிவிட்டார்கள். அந்த ரன்னால் ஆட்டமே திரும்பியது. பாதிக்கப்பட்ட அணி எது தெரியுமா? மார்லின்ஸ். சான்பிரான்சிஸ்கோவில் அன்று சில பேர் ரகசியமாகச் சிரித்திருப்பார்கள்.

இது ஜயன்ட்ஸ் ரசிகர்களின் தனிக்குணம் என்று நினைத்துவிடாதீர்கள். 2015 அக்டோபர் 10, பிளே ஆஃப் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் வீரர் சேஸ் அட்லி இரண்டாவது பேஸில் சறுக்கி மோதியதில் மெட்ஸ் அணியின் ரூபன் டெஹாடா கால் முறிந்தது. மெட்ஸ் அந்த ஆட்டத்தில் தோற்றது. இங்கேயும் அந்த மோதல்தான் எதிரணிக்கு ரன் கொண்டுவந்தது. நியூயார்க்கில் அடுத்த ஆட்டத்துக்கு முன் டெஹாடா கைத்தடி ஊன்றி வெளியே வந்தபோது மைதானமே எழுந்து நின்றது. அட்லி பெயரைச் சொன்னதும் காது கிழியக் கூச்சல். அடுத்த மே மாதம் மெட்ஸ் பிட்சர் நோவா சின்டர்கார்ட் பழிவாங்கும் எண்ணத்தோடு அட்லிக்குப் பின்னால் ஒரு பந்தை எறிந்தார். அம்பயர் அவரை அங்கேயே வெளியேற்றினார். அப்புறம் அட்லி அதே ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்தார், அதில் ஒன்று கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நான்கு ரன். பேஸ்பால் கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் அதிகம்.

உங்கள் நண்பரிடம் இதை எப்படிப் பேசுவது என்றால், 2012-ஐப் பற்றிக் கேட்டு ஆரம்பியுங்கள். போஸி 2021-ல் ஓய்வு பெற்று, 2024-ல் அதே அணியின் பேஸ்பால் நிர்வாகத்துக்கே தலைவராகிவிட்டார், அதைப் பற்றியும் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். கசின்ஸ் பெயரை அவரே எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் 'விதிப்படி சரிதானே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.